நிலத்தடி நீர்: கணக்குப் பார்க்க வேண்டியது மழை ஆண்டில்

1977இல் எடுக்கப்பட்ட ஒரு படம். கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், மென்டோடா என்ற ஊருக்கு அருகே ஒரு கம்பத்தின் அடியில் ஜோசப் போலண்ட் என்ற நிலத்தடி நீர் ஆய்வாளர் நிற்கிறார். அவர் தலைக்கு வெகு உயரத்தில், கம்பத்தின் உச்சியை ஒட்டி ‘1925’ என்று எழுதிய பலகை. இடையில் ‘1955’. காலடியில் ‘1977’. அந்தந்த ஆண்டில் தரை எங்கே இருந்தது என்பதைத்தான் அந்தப் பலகைகள் காட்டுகின்றன. 52 ஆண்டுகளில் தரை ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கியிருக்கிறது. யாரும் அங்கே குழி தோண்டவில்லை. வயலுக்குப் பாய்ச்ச அடியிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள், அவ்வளவுதான்.

நிலத்தடி நீரைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் படத்தைக் காட்டுவது வழக்கம். அதில் தெரியாத செய்தி ஒன்று உண்டு; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தத் தரை ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக இறங்கவில்லை. 1960களின் கடைசியில் வடக்கிலிருந்து பெரிய கால்வாயில் ஆற்று நீர் வந்து சேர்ந்ததும் விவசாயிகள் மோட்டார்களை நிறுத்தினார்கள். நீர்மட்டம் ஏறியது, தரை இறங்குவதும் ஏறக்குறைய நின்றது. பிறகு 1976–77 வறட்சி வந்தது. கால்வாய் வறண்டதும் மோட்டார்கள் மறுபடி ஓடின, தரை மறுபடி இறங்கியது. 1987–92, 2007–09, 2012–16 என அடுத்தடுத்த வறட்சிகளிலும் இதே கதைதான். மழை ஆண்டுகளில் சும்மா இருக்கும் நிலம், வறட்சி ஆண்டுகளில் படிப்படியாகக் கீழே போகிறது.

ஒவ்வொரு முறையும் எதையோ நிரந்தரமாக இழந்துவிட்டுத்தான் போகிறது. மணல் அடுக்கிலிருந்து நீரை எடுத்தால், மழை வரும்போது அது திரும்ப நிரம்பும். இடையிடையே இருக்கும் களிமண் அடுக்கு அப்படியல்ல. அதன் துகள்களை விலக்கிப் பிடித்திருந்தது நீரின் அழுத்தம். அழுத்தம் குறைந்ததும் மேலே இருக்கும் மண்ணின் பாரம் களிமண்ணை நசுக்குகிறது. நசுங்கிய களிமண் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய பருமனுக்கு வராது. அதனால்தான் 1976–77இல் கொஞ்சம் இறைத்ததற்கே நீர்மட்டம் முன்பைவிட வேகமாக விழுந்தது. தொட்டியே சிறிதாகிவிட்டிருந்தது.

கலிபோர்னியாவில் சாதாரண ஆண்டில் மொத்த நீர்த் தேவையில் சுமார் 40 சதவீதம் நிலத்தடியிலிருந்து வருகிறது. வறண்ட ஆண்டில் அது 60 சதவீதம் வரை ஏறும். உலகின் எந்த வறண்ட பகுதியை எடுத்துக்கொண்டாலும் இந்த ஏற்றம் ஏதோ ஓர் அளவில் இருக்கும். அணை வற்றினால் எல்லோருக்கும் தெரியும். அரசு மதகை மூடும், செய்தித்தாளில் வெடித்த மண்ணின் படம் வரும். நிலத்தடிக்கு மதகு கிடையாது. ஆற்று நீரில் பங்கு குறைக்கப்பட்டவர் அன்றைக்கே கிணற்றுப் பக்கம் திரும்புகிறார். ‘தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதா’ என்ற வசனத்தை நாம் உவமையாகச் சொல்கிறோம். வறட்சிக் காலத்தில் போர்வெல் வண்டிகளுக்குக் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்தால் அது அப்பட்டமான நடப்பு.

ஆற்றுக்கு நூற்றாண்டுக் கணக்கில் சட்டம் இருக்கும்போது, அதே நீர் மண்ணுக்குள் போனதும் சட்டம் ஏன் கைவிட்டது? 1843இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் பக்கத்துப் பருத்தி ஆலையின் கிணறு வற்றிப்போனது. ஆலைக்காரர் நஷ்டஈடு கேட்டார், கிடைக்கவில்லை. உன் நிலத்துக்கு அடியில் இருப்பது உன்னுடையது, அதை எடுப்பதால் பக்கத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு நீ பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். 1904இல் டெக்சாஸில் இதே கதை மறுபடி நடந்தது. டெனிசன் என்ற ஊரில் ஒரு ரயில் கம்பெனி பெரிய கிணறு வெட்டி, எஞ்சின்களுக்காக நாளொன்றுக்கு 25,000 காலன், அதாவது ஏறத்தாழ 95,000 லிட்டர் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சிறிய கிணறு வற்றியது. தீர்ப்பு ரயில் கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. நிலத்தடி நீரின் போக்கு மறைவானது, மர்மமானது, அதற்கு விதி வகுக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும் என்று 1861இல் ஓஹையோ மாநில நீதிமன்றம் சொன்னதை அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும், தெளிவான தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை என்றே வைத்தது.

அந்த நீதிபதிகளைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் காலத்தில் நிலத்தடி நீர் உண்மையிலேயே மர்மம்தான். கையால் இறைத்த காலத்தில் ஒரு கிணறு பக்கத்துக் கிணற்றைக் கெடுப்பதும் அபூர்வம். மர்மம் விலகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு மோட்டார் ஓடினால் அதைச் சுற்றி நீர்மட்டம் எவ்வளவு தூரத்துக்குப் புனல்போலக் குழிகிறது என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை அமெரிக்க நீரியலாளர் சார்லஸ் தைஸ் 1935இலேயே கொடுத்துவிட்டார். ஓஹையோ தன் பழைய தீர்ப்பை 1984இல் மாற்றிக்கொண்டது. டெக்சாஸ் அடிப்படையில் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

தைஸ் 1940இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரை அந்தச் சமன்பாட்டைவிடப் பெரிய விஷயத்தைச் சொன்னது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த முனையும் எவரும் முதலில் சறுக்குவது அங்கேதான். ஆண்டுக்கு இவ்வளவு மழை, அதில் இவ்வளவு நிலத்துக்குள் ஊறுகிறது, ஆகவே அந்த ஊறல் அளவுக்கு எடுத்துக்கொண்டால் குறை வராது என்பது பரவலான கணக்கு. பள்ளிக்கூடக் கணக்குபோலச் சுலபமாக இருக்கிறது. தவறாகவும் இருக்கிறது. மோட்டார் வருவதற்கு முன்பு அந்த ஊறல் எங்கே போனது? பூமிக்கடியில் அது ஆண்டுதோறும் குவிந்துகொண்டே இருக்கவில்லை. உள்ளே வந்த அளவு ஏதோ ஒரு வழியில் வெளியே போய்க்கொண்டிருந்தது: ஊற்றாக, கோடையிலும் ஓடும் ஆற்றின் அடிநீராக, சதுப்பாக, ஆழவேர் மரங்களின் வழியே, கடலோரத்தில் உப்புநீரை உள்ளே விடாமல் தள்ளும் அழுத்தமாக. நாம் எடுக்கும் ஒவ்வொரு வாளியும் முதலில் சேமிப்பிலிருந்து வரும். பிறகு இந்தப் போக்குகளில் ஏதோ ஒன்றிலிருந்து வரும். ஊறல் முழுவதையும் எடுத்தால் நிலத்தடி நீர் தாக்குப்பிடிக்கலாம். ஊற்றும் ஆறும் சதுப்பும் செத்துவிடும்.

‘இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்’ என்பார்கள். பழமொழி சொல்வது பொய்யில்லை, இறைத்தால் ஊறத்தான் செய்கிறது. எங்கிருந்து ஊறுகிறது என்பதைத்தான் அது சொல்லவில்லை.

ஸ்பெயினில் அதற்கு விடை கிடைத்தது. மாட்ரிட்டுக்குத் தெற்கே லா மான்சா சமவெளியில் குவாதியானா ஆற்றின் ஊற்றுக்கண்கள் இருந்தன. 1970களிலிருந்து அந்தச் சமவெளியில் பாசனக் கிணறுகள் பெருகின. 1980களில் ஊற்றுக்கண்கள் வறண்டன. அவற்றை நம்பியிருந்த டைமியேல் சதுப்பு நிலம் 1973 முதலே தேசியப் பூங்கா. காகிதத்தில் கிடைத்த பாதுகாப்பு நிலத்துக்கு அடியில் எட்டவில்லை. 2009இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து புகை வந்தது. நூற்றாண்டுகளாக நீரில் ஊறிக் கிடந்த மட்கிய தாவர அடுக்கு காய்ந்து, வெடித்து, உள்ளே காற்று புகுந்து தானாகவே பற்றிக்கொண்டது. சதுப்பு நிலம் தீப்பிடித்து எரிந்ததைச் செய்தியாகப் படித்தவர்கள் இரண்டாவது முறை படித்திருப்பார்கள். வேறொரு ஆற்றுப்படுகையிலிருந்து அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதே குளிர்காலத்தில் கனமழையும் பெய்து காப்பாற்றியது.

ஸ்பெயினில் அப்போது சட்டம் இல்லாமலில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தடி நீரைப் பொதுச்சொத்து என்றே அறிவித்திருந்தது. ஆனால் ஏற்கெனவே கிணறு வைத்திருந்தவர்கள் பொதுப் பட்டியலுக்குள் வரலாம், அல்லது தனியுரிமையாகவே தொடரலாம் என்று விருப்பத்துக்கு விட்டது. பெரும்பாலோர் எதைத் தேர்ந்திருப்பார்கள் என்று ஊகிக்கச் சட்டப் படிப்பு தேவையில்லை.

இன்னொரு கணக்கையும் இங்கே போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிமீட்டர் நீர் நிலத்துக்குள் ஊறுகிறது என்று கொள்வோம். கடும்பாறைப் பகுதியில் நீர் தங்குவது பாறையின் விரிசல்களிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான். அதன் கொள்ளிடம் மொத்தக் கனத்தில் 2 சதவீதம் என்றால், அந்த 100 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை 5 மீட்டர் உயர்த்திவிடும். மணலும் வண்டலும் படிந்த சமவெளியில் கொள்ளிடம் 15 சதவீதம் என்றால், அதே நீர் 70 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பாறைப் பகுதி விவசாயி ஒரே மழைக்காலத்தில் கிணறு நிரம்புவதையும், அடுத்த கோடையில் மோட்டார் காற்றை இழுத்து ஓசை மாறுவதையும் கண்ணால் பார்க்கிறார். அங்கே இயற்கையே ஒரு கடிவாளம். எடுக்க எடுக்கச் சீக்கிரமே தீர்ந்து போகும். வண்டல் சமவெளியில் ஆண்டுக்கு அரை மீட்டர் இறங்கினால் யாருக்கும் உறைக்காது. குழாயை ஒரு துண்டு இறக்கினால் வேலை முடிந்தது. இப்படியே நாற்பது ஆண்டுகள் போகும். பாறைக்கு வேண்டியது பருவத்துக்குப் பருவம் கிணற்றை அளந்து பயிரை முடிவு செய்யும் ஏற்பாடு. வண்டலுக்கு வேண்டியது பல பத்தாண்டுகளுக்கான உச்சவரம்பு. இரண்டுக்கும் ஒரே சட்டப்பிரிவு எழுதினால், ஓரிடத்தில் தேவையில்லாத கெடுபிடியாகவும் இன்னோரிடத்தில் பயனற்ற சடங்காகவும் முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் மழை மாறாது என்ற அனுமானத்தில். மழையே குறைந்துகொண்டு போனால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை ஐம்பது ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. 1970களிலிருந்து பெர்த் நகரைச் சுற்றிய பகுதியில் குளிர்கால மழை சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. அணைகளுக்கு வரும் நீர் எவ்வளவு குறைந்திருக்கும்? 20 சதவீதம் என்று மனம் சொல்லும். குறைந்தது சுமார் 80 சதவீதம். காரணம் மண்ணில் இருக்கிறது. மழையின் முதல் பங்கைக் காய்ந்த மண் குடிக்கிறது, அடுத்ததை மரங்கள் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சியதுதான் ஓடுகிறது, குறைவு முழுவதும் அந்த மிச்சத்தின் தலையில் விழுகிறது. மேலும், நிலத்தடி நீர்மட்டம் ஓடைகளின் அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. முன்பு நிலம் ஓடைக்கு நீர் கொடுத்தது. இப்போது ஓடையின் நீரை நிலம் உறிஞ்சிக்கொள்கிறது.

அங்குள்ள அதிகாரிகள் முதலில் இதை ‘வறட்சி’ என்றுதான் அழைத்தார்கள். வறட்சி என்றால் ஒருநாள் முடியும். இது முடியவில்லை. வறட்சியையும் வறண்டுபோதலையும் பிரித்துப் பார்ப்பது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. வறட்சி என்றால் சேமிப்பைக் கரைத்துச் சமாளித்துவிட்டு, மழை வந்ததும் ஈடுசெய்யலாம். வறண்டுபோவது என்றால் கரைத்தது திரும்ப வராது. இருக்கும் ஒதுக்கீட்டையே வெட்ட வேண்டும். பெர்த் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2006இல் தொடங்கியது. சுத்திகரித்த கழிவுநீரை 2017 முதல் முழு அளவில் நிலத்துக்குள் செலுத்துகிறது. இவ்வளவுக்குப் பிறகும், நகரின் அடியிலுள்ள நங்காரா நிலத்தடித் தொகுதியில் எடுக்கும் அளவைக் குறைக்க 2022இல் திட்டம் போட வேண்டியிருந்தது. வீட்டுத் தோட்டக் கிணற்றில் தெளிப்பான் போடுவதற்கான நாட்களும் வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

‘சராசரி ஊறல்’ என்ற எண்ணையே சந்தேகிக்க இன்னொரு சான்று தான்சானியாவில், தோடோமாவுக்கு அருகிலுள்ள மகுடபோரா கிணற்றுத் தொகுதி. அங்கே 1950களிலிருந்து நீர்மட்டம் பதிவாகி வருகிறது. ஆண்டுக்கணக்கில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு 1997–98 போல ஒரு பேய்மழைப் பருவம் வரும், மட்டம் ஒரே தாவலாக ஏறும். ஊறலின் பெரும்பகுதி சில பருவங்களில் மொத்தமாக வந்து சேர்கிறது. மாதச் சம்பளக்காரரின் வரவு செலவுப் புத்தகம் இங்கே உதவாது; எப்போதோ ஒருமுறை அறுவடை காண்பவரின் புத்தகம்தான் வேண்டும். அந்த அறுவடை ஆண்டில் எவ்வளவைச் சாப்பிடாமல் விட்டோம் என்பதுதான் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கிறது.

கட்டுப்படுத்தும் வழிகளுக்கு வருவோம். உரிமம், மீட்டர், விலை, மின்சாரம் என்று எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். எத்தனை கிணறுகள் என்ற கேள்வியிலேயே பாதிப் பட்டியல் அடிபட்டுப் போகும். பாங்காக்கில் நிலத்தடி நீரை இறைத்தவர்களில் தொழிற்சாலைகள் முக்கியம். அவற்றை எண்ணிவிடலாம், மீட்டர் வைக்கலாம், குழாய் நீர் என்ற மாற்றும் இருந்தது. நிலத்தடி நீருக்கான கட்டணத்தை அரசு படிப்படியாகக் குழாய் நீரின் விலைக்கு மேல் உயர்த்தியது. ஆலைகள் குழாய்க்கு மாறின, நீர்மட்டம் ஏறியது. இந்தியாவில் பாசனக் கிணறுகளும் ஆழ்துளைகளும் மட்டும் 2 கோடிக்கு மேல். ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்து, படித்து, பழுதுபார்த்து, பில் போட்டு வசூலிக்கும் இயந்திரம் எந்த அரசிடமும் இல்லை. பாங்காக் பாடத்தை அங்கே ஒப்பிக்க வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும்.

எண்ண முடியாத இடத்தில் அரசு வேறு ஏதாவது பிடியைத் தேட வேண்டியிருக்கிறது. பஞ்சாப் மாநிலம் நாட்காட்டியைப் பிடித்தது. அங்கே பாசன மின்சாரம் 1997இல் இலவசமானது. ஆகவே விலை என்ற ஆயுதம் கையில் இல்லை. மே மாத வெயிலில் நெல் நாற்று நட்டால், பருவமழை வரும்வரை வயலில் நிற்கும் நீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து வர வேண்டும். அதில் நிறைய ஆவியாகிப் போகும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. வயலில் பச்சை தெரிகிறதா என்று பார்த்தாலே மீறல் தெரிந்துவிடும். மீட்டர் வேண்டாம், கிணற்றைத் தேட வேண்டாம். இவ்வளவு எளிதாகக் கண்காணிக்கக்கூடிய நிலத்தடி நீர்ச் சட்டம் அபூர்வம். விளைவும் இருந்தது, பக்கவிளைவும் இருந்தது. நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையிலான நாட்கள் சுருங்கின. வைக்கோல் தாளை அப்புறப்படுத்த நேரமில்லாமல் கொளுத்துவது, காற்று அசையாத நவம்பர் தொடக்கத்துக்கு நகர்ந்தது. அந்தப் புகையில் ஒரு பங்கு டெல்லியின் நுரையீரலுக்குப் போகிறது. நிலத்தடி நீருக்காக எழுதிய சட்டத்தை மேலே காற்று திருத்தி எழுதியது.

சொட்டுநீர்ப் பாசன மானியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா அரசுகளுக்கும் பிடித்த மருந்து அதுதான். யாரும் எதையும் இழக்க வேண்டாம், எல்லோருக்கும் கருவி கிடைக்கும். ஆனால் வாய்க்காலில் பாய்ச்சியபோது ‘வீணான’ நீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பியது. சொட்டுநீர் அந்தத் திரும்புதலை நிறுத்துகிறது. மிச்சமான நீரை விவசாயி கூடுதல் நிலத்துக்கோ, அதிக நீர் கேட்கும் பயிருக்கோ கொண்டுபோகிறார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கன்சாஸ் மாநிலத்தில் திறன்மிகு தெளிப்பான்களுக்கு மானியம் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோது, நீர் எடுப்பு கூடியிருந்தது. உச்சவரம்பு இருந்தால் சொட்டுநீர் நல்ல கருவி. இல்லையென்றால் அதே கிணற்றை வேகமாகக் காலி செய்யும் கருவி.

அதே கன்சாஸில்தான் நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த ஏற்பாடும் இருக்கிறது. எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவிக் கிடக்கும் ஒகல்லாலா நிலத்தடித் தொகுதியின் ஒரு மூலையில், ஷெரிடன் என்ற மாவட்டத்தையொட்டி சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் உள்ள விவசாயிகள், தங்களுக்குத் தாங்களே வெட்டு போட்டுக்கொண்டார்கள். 2012இல் மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 2013இல் நடைமுறைக்கு வந்தது. குறைக்க வேண்டியது 20 சதவீதம் என்று வைத்தார்கள். ஒதுக்கீட்டை ஆண்டுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 55 அங்குலம், அதாவது வயல் பரப்பின் மேல் அவ்வளவு உயரத்துக்கு நிற்கக்கூடிய நீர், என்று கொடுத்ததுதான் இதிலுள்ள சூட்சுமம்.

ஒரு விவசாயியின் இடத்தில் நின்று பார்ப்போம். ஆண்டுக்கு 11 அங்குலம், மிச்சம் பிடித்தால் காலாவதி என்றால், மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் அவர் 11 அங்குலத்தையும் எடுத்துவிடுவார், விட்டால் போய்விடுமே. ஐந்து ஆண்டுக் கணக்கென்றால் நிலைமை வேறு. மழை பெய்யும் வாரத்தில் மோட்டாரை நிறுத்தும்போது அவர் மனதில் வருவது, இந்த அரை அங்குலம் வறண்ட ஆண்டில் எனக்கே உதவும் என்பது. மழை ஆண்டில் 7, வறண்ட ஆண்டில் 15 என்று அவரே பங்கிட்டுக்கொள்வார். வறட்சித் திட்டம் என்று தனியாக எதுவும் எழுதாமலே அது ஒதுக்கீட்டின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. முதல் ஐந்து ஆண்டுகளில் அக்கம்பக்கத்துப் பகுதிகளோடு ஒப்பிட்டால் நீர் எடுப்பு கால் பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது. சிலர் மக்காச்சோளத்தின் பரப்பைக் குறைத்துச் சோளத்துக்கும் கோதுமைக்கும் போனார்கள். விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் செலவும் குறைந்ததால் லாபத்தில் பெரிய அடி விழவில்லை. அந்தப் பகுதிக் கிணறுகளில் ஏற்கெனவே மீட்டர் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அளவீடு இல்லாத இடத்தில் இதைப் பிரதியெடுக்க முடியாது.

இனி, தனியாக எழுதப்படும் வறட்சித் திட்டங்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் வில்ஹைட் ஒரு வட்டத்தை வரைந்து காட்டினார்: வறட்சி, விழிப்பு, கவலை, பீதி, மழை, அலட்சியம், மறுபடி வறட்சி. திட்டம் எழுதக் குழு அமைப்பது பீதிக் கட்டத்தில். குழுவின் அறிக்கை வரும்போது மழை பெய்துகொண்டிருக்கும். இந்த வட்டத்தை உடைக்க ஸ்பெயின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆற்றுப்படுகைக்கும் முன்கூட்டியே வறட்சித் திட்டம் எழுதியது. இயல்பு, முன்னெச்சரிக்கை, எச்சரிக்கை, அவசரம் என நான்கு நிலைகள். அணை இருப்பு, ஆற்றின் ஓட்டம், மழை, கிணற்று மட்டம் ஆகியவற்றை மாதந்தோறும் அளந்து, எண் எந்த நிலையைக் காட்டுகிறதோ அதற்குரிய நடவடிக்கை தொடங்கும். அமைச்சர் அறிவிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் நேரத்தில் இந்தத் தானியங்கித்தனத்தின் மதிப்பு புரியும்.

ஆனால் நிலத்தடி நீரின் கடிகாரம் வேறு. மழை பொய்த்தால் முதலில் மேல்மண் காயும், பிறகு ஓடை, பிறகு அணை, கிணறு கடைசியில். ஆகவே கிணற்று மட்டத்தை எச்சரிக்கை மணியாக வைத்தால் மணி அடிப்பதற்குள் பாதி வீடு எரிந்திருக்கும். திரும்பும் வழியில் இன்னும் மோசம். மழை வந்தால் அணை ஒரே பருவத்தில் நிரம்பிவிடும், வறட்சி முடிந்தது என்று கட்டுப்பாடுகளைத் தளர்த்துவார்கள். கிணறுகள் மேலேற மூன்று, ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகலாம். பெரும்பாலான வறட்சித் திட்டங்களில் இல்லாத அத்தியாயம் இதுதான் என்பது என் எண்ணம்: வறட்சியில் கூடுதலாக எடுத்ததை எந்த ஆண்டுக்குள், யார், எவ்வளவு குறைவாக இறைத்துத் திருப்பிச் செலுத்துவது என்ற அட்டவணை. கூடுதலாக எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நிலத்தடி நீர் வறட்சிக்காகத்தான் இருக்கிறது. கடன் வாங்கலாம், தவணைத் தேதி இல்லாத கடனாக இருக்கக் கூடாது.

எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற கோட்டை யார் போடுகிறார்கள் என்பதும் சாதாரண விஷயமில்லை. 2014இல் கலிபோர்னியாவின் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஏழைக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து லாரித் தண்ணீர் நிரப்பினார்கள். பாட்டில் நீரை ஊற்றிக் குளித்தார்கள். அந்த வறட்சியில் பாசனக் கிணறுகளை இன்னும் ஆழமாகத் தோண்டப் பணமுள்ளவர்கள் தோண்டிக்கொண்டார்கள். வீட்டுக் கிணறு ஆழமில்லாதது. நீர்மட்டம் இறங்கும்போது முதலில் கைவிடப்படுவது அதுதான். அதே 2014இல் கலிபோர்னியா முதன்முறையாக மாநிலம் முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. உள்ளூர் அமைப்புகளே திட்டம் எழுத வேண்டும். மிக மோசமான 21 நிலத்தடி நீர்ப் படுகைகள் 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும். நிலம் தாழ்வது, கடல்நீர் புகுவது, ஆறு வற்றுவது உட்பட ஆறு தீங்குகளைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2020இல் வந்த முதல் திட்டங்களைப் படித்தவர்கள் திகைத்தார்கள். பல படுகைகளில் ‘இதற்குக் கீழே விட மாட்டோம்’ என்று போட்ட கோடு, ஆயிரக்கணக்கான வீட்டுக் கிணறுகளின் அடியைவிடத் தாழ்வாக இருந்தது. கோடு போட்ட குழுக்களில் பாசனக்காரர்களின் குரலே ஓங்கியிருந்தது.

இதை வைத்து உள்ளூர் ஆட்கள் கையில் கொடுக்கக் கூடாது என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய வெஸ்ட் பேசின் பகுதியில் 1940களில் கடல்நீர் கிணறுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நகராட்சிகளும் கம்பெனிகளும் நீதிமன்றத்தின் நிழலில் உட்கார்ந்து பேசி, ஒவ்வொருவரும் எவ்வளவு குறைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். கடலோரத்தில் வரிசையாகக் கிணறு தோண்டி நன்னீரை உள்ளே செலுத்தி உப்புநீருக்குத் தடுப்பு போட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தையைப் பக்கத்திலிருந்து கவனித்து 1965இல் முனைவர் ஆய்வேடு எழுதிய எலினார் ஆஸ்ட்ரம், பின்னாளில் 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். யார் எவ்வளவு இறைத்தார் என்ற பட்டியல் ஆண்டுதோறும் எல்லோர் பார்வைக்கும் வந்தது அங்கே பெரிய பலம். பக்கத்தவர் ஏமாற்றவில்லை என்று தெரிந்தால்தான் நாமும் மோட்டாரை நிறுத்துவோம்.

சட்டம் வரப்போகிறது என்ற செய்திக்கும் ஒரு விலை உண்டு. இதுவரை எடுத்த அளவை வைத்து ஒதுக்கீடு தருவார்கள் என்று காதில் விழுந்தால், அதிகம் எடுத்துக் காட்டுவதே லாபம். சிக்கனமாக இருந்தவருக்குக் குறைந்த பங்கு, வாரி இறைத்தவருக்குப் பெரிய பங்கு. கலிபோர்னியாவின் பழைய தீர்ப்புகள் சிலவே இந்த ஓட்டத்தைத் தூண்டிவிட்டன. சட்டத்தின் வரைவோடு, கடந்துபோன ஏதோ ஒரு தேதியை அடிப்படை ஆண்டாகச் சேர்த்தே அறிவிப்பது தற்காப்பு.

2023 வசந்தத்தில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பெருமழையும் பனியுருகலும் சேர்ந்து, பல பத்தாண்டுகளுக்கு முன் வற்றவைத்து வயலாக்கப்பட்ட துலாரே ஏரி திரும்ப எழுந்து நின்றது. பருத்தி வயல்களின் மேல் படகு போனது. கார்கரன் என்ற ஊரைக் காக்கும் மண்கரையை அவசரமாக உயர்த்தினார்கள். நீர் இறைத்து இறைத்து ஊரோடு கரையும் தாழ்ந்துபோயிருந்ததால் 2017இல் ஒருமுறை உயர்த்திய கரைதான் அது. ஏரி வடிந்து ஓராண்டு ஆவதற்குள், 2024 ஏப்ரலில், அந்தப் பகுதியின் நிலத்தடி நீர்த் திட்டம் போதாது என்று மாநில நீர் வாரியம் படுகையைத் தன் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. சட்டம் வந்து பத்தாண்டுகளில் இதுவே முதல் முறை. பெரிய அளவில் இறைப்பவர்கள் மீட்டர் பொருத்த வேண்டும், எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரிவிக்க வேண்டும், கிணறு ஒன்றுக்கு ஆண்டுக்கு 300 டாலரும், எடுக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கு, அதாவது சுமார் 12 லட்சம் லிட்டருக்கு, 20 டாலரும் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. விவசாயிகள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது.